அங்கரேஜில் ஒரு டியூட்டி சார்ட்

ஜூன் மாதத்தில் அங்கரேஜில் சூரியன் மறைய இரவு 11:40 ஆகிறது. மறைந்த பிறகும் இருட்டுவதில்லை. நம் ஊரில் மாலை ஆறரைக்கு இருக்கிற வெளிச்சம் அப்படியே நின்று, விடியற்காலை நாலரைக்கெல்லாம் மறுபடி வெயில் வந்துவிடுகிறது. ஓட்டப்பிடாரத்துக் கரிசல்காட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெயில் பெரிய விஷயமில்லை. ராத்திரியிலும் அது அடிக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் மனசு முரண்டு பிடித்தது. வாசலில் உட்கார்ந்து, இரவுச் சாப்பாடு சாப்பிட்டோமா இல்லையா என்று யோசிக்க வேண்டியிருந்தது.

அங்கே என் அண்ணன் மகன் சரக்கு விமானம் ஓட்டுகிறான். மூத்த விமானிக்குப் பக்கத்து இருக்கை அவனுடையது. பல வருஷமாக "வாங்க சித்தப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் 2025 ஜூனில் போய்ச் சேர்ந்தேன். தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தில் ஏறி சென்னை, தோஹா, சியாட்டில் என்று மாறி மாறிப் போகும் வழி. வாகைகுளத்தில் அப்போது பழைய டெர்மினல்தான். புதியது ஜூலை 26-ல் திறக்கப்பட்டது. ஓடுபாதை வெகுகாலம் 1,350 மீட்டர்தான் என்பதால், விசிறி சுழலும் சின்ன ஏ.டி.ஆர். விமானங்களே நமக்கு வாய்த்தன. இப்போது 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். அந்தச் சின்ன விமானத்தில் ஆரம்பித்து, ஆறு மாடி உயர வாலை ஆட்டிக்கொண்டு 747-கள் வரிசையாக நிற்கும் ஊரில் போய் இறங்கினேன்.

அவன் வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் திரைக்கு மேல் கறுப்புத் துணி, அதற்கு மேல் அலுமினியத் தாள். பகலில் தூங்குகிறவன் வீடு. பிரிட்ஜ் கதவில் காந்த வில்லையால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதிகள், மூன்றெழுத்துகள், நான்கிலக்க எண்கள். நான் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எங்கே நைட் ஹால்ட், எந்த டிரைவர் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சார்ட் எழுதியே கண் கெட்டது. அந்தத் தாளைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. ஆனால் ஒரு வரி விளங்கவில்லை.

"17. 0310 இசட். ஏ.என்.சி. – ஐ.சி.என்." ஏ.என்.சி. அங்கரேஜ், ஐ.சி.என். கொரியாவின் இஞ்சியோன் என்பதை ஊகிக்க முடிந்தது. நம் தூத்துக்குடிக்கு டி.சி.ஆர்., சென்னைக்கு இன்னும் மெட்ராஸ் காலத்து எம்.ஏ.ஏ. 17-ம் தேதி விடியற்காலை மூன்று மணிக்கு டியூட்டி போலிருக்கிறது என்று நினைத்து, "திங்கக்கிழமை ராத்திரி சீக்கிரம் படுத்துக்கோப்பா" என்றேன். சிரித்தான்.

"சித்தப்பா, அது இங்கிலாந்துக் கிரீன்விச் நேரம். இங்க அது 16-ம் தேதி, திங்கக்கிழமை சாயங்காலம் ஏழு பத்து. நம்ம ஊர்ல செவ்வாய்க்கிழமை காலைல எட்டு நாப்பது."

உலகத்து விமானிகள் எல்லோரும் இப்படி ஒரே கடிகாரத்தில் எழுதுகிறார்கள். அந்த 'இசட்'டை ஜூலு என்று வாசிக்கிறார்கள். காரணம் எளிது. ஒரு டியூட்டிக்குள் நாலைந்து நாட்டு நேரம் குறுக்கிடும்போது உள்ளூர் நேரத்தில் எழுதினால், வேலை எத்தனை மணிநேரம், ஓய்வு எத்தனை மணிநேரம் என்று கூட்டிக் கழிக்கவே முடியாது. அதே தாளில் திரும்புகிற வரி இன்னும் வேடிக்கை. உள்ளூர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால், வியாழன் அதிகாலை இரண்டு மணிக்குக் கொரியாவில் கிளம்புகிற விமானம், ஏழரை மணிநேரம் பறந்து, புதன் மாலை நாலரைக்கு அங்கரேஜ் வந்து சேர்கிறது. நடுவில் தேதிக்கோடு. முப்பது வருஷம் சார்ட் எழுதியும், கிளம்பின நாளுக்கு முந்தின நாள் வண்டி வந்து சேர்ந்ததாக நான் எழுதியதில்லை. எழுதியிருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

பாஷை பிடிபட்டதும் மற்றதெல்லாம் மளமளவென்று அவிழ்ந்தது. தங்கள் தாய் நிலையத்தில் கிளம்பி, நாலைந்து ஊர் சுற்றி, அதே நிலையத்துக்குத் திரும்பும்வரை உள்ள மொத்தத்துக்கும் 'டிரிப்' என்று பெயர். 'பேரிங்' என்றும் சொல்கிறார்கள். அப்படிப் பல டிரிப்புகளைக் கோத்து ஒரு மாதத்துக்கு ஒரு 'லைன்'. வெளியூரில் தங்கி ஓய்வெடுப்பது 'லேஓவர்'. நம் நைட் ஹால்ட்தான், என்ன, பஸ் ஸ்டாண்ட் மாடிக்குப் பதிலாக ஓட்டல். 'ரிசர்வ்' என்று போட்டிருந்தால் அன்றைக்கு விமானம் கிடையாது. போன் அடித்தால் குறித்த நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும். டிரைவர் வராத வண்டிக்கு ஏற்றிவிட டெப்போ ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். 'டி.ஹெச்.' என்றால் டெட்ஹெட். இன்னொரு ஊரில் காத்திருக்கும் விமானத்தை எடுப்பதற்காகப் பயணியாக உட்கார்ந்து போவது.

சம்பளக் கணக்குதான் என்னைக் கொஞ்சம் கோபப்படுத்தியது. அமெரிக்க விமானிகளுக்குப் பெரும்பாலும் 'பிளாக்' நேரத்துக்குத்தான் காசு. சக்கரத்தின் முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரம் அது. அதற்கு முன் ஒன்றரை மணிநேரம் வானிலை அறிக்கை படிப்பது, எரிபொருள் கணக்குப் பார்ப்பது, விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வராது. மாதத்துக்கு இத்தனை மணிநேரச் சம்பளம் நிச்சயம் என்று ஓர் அடிமட்டம் உண்டு. வீட்டை விட்டு வெளியே இருந்த மொத்த நேரத்தைப் பார்த்துக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று கொடுக்கிற ஏற்பாடும் உண்டு. அதெல்லாம் தொழிற்சங்கம் பேசி வாங்கியது என்றான். எங்கள் ஆட்கள் படிக்காகப் பேசின பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது.

எந்த டிரிப் யாருக்கு என்பதை முடிவு செய்வது சீனியாரிட்டி. சேர்ந்த நாளன்று ஓர் எண். பட்டியலில் மேலே இருப்பவர் விருப்பத்தை முதலில் பார்க்கிறார்கள், மிச்சம் அடுத்தவருக்கு. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பது, ராத்திரி வேலையில்லாத லைன், ஆண்டு விடுப்பு எல்லாமே இந்த எண்ணுக்குள் அடக்கம். திறமை, சிபாரிசு, மேலதிகாரியின் முகத்தாட்சண்யம் எதுவும் நுழைய இடமில்லை. ஊரில் சார்ட் ஒட்டிய மறுநிமிஷம் என் மேசையைச் சுற்றி நின்ற கூட்டத்தை நினைத்துக்கொண்டு, இது நல்ல முறை என்றே சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் கீழே இருப்பவன் அவன்.

ஒரு மாலை (கடிகாரப்படி இரவு பத்து) பாயிண்ட் வொரன்சாப் என்ற கடலோரப் பூங்காவுக்குக் கூட்டிப் போனான். விமான நிலையத்தை ஒட்டி, குக் கடற்கழி ஓரத்தில் ஒரு மேடு. தலைக்கு மேலேயே விமானங்கள் எழுகின்றன. பனி மூடிய மலைகளைப் பார்ப்பதா, வயிறு குலுங்க மேலேறும் 747-களைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. வடகோளத்தின் தொழில் நாடுகளில் பெரும்பாலானவை இங்கிருந்து ஒன்பதரை மணிநேரப் பறப்புக்குள் அடங்கிவிடுகின்றனவாம். சீனாவிலிருந்து சிகாகோவுக்கு நிற்காமல் போக வேண்டுமானால் நிறைய எரிபொருள் ஏற்ற வேண்டும், அந்த அளவுக்குச் சரக்கைக் குறைக்க வேண்டும். பாதிவழியில் இங்கே இறங்கி எண்ணெய் ஊற்றிக்கொண்டால் வயிறு நிறையச் சரக்கு ஏற்றலாம். அந்த ஒரு கணக்கில்தான் இந்த ஊர் உலகத்தின் பெரிய சரக்கு விமான நிலையங்களில் ஒன்றாகி, அவனும் இங்கே வீடு வாங்கியிருக்கிறான். பக்கத்திலேயே லேக் ஹூட். தண்ணீரில் இறங்கி ஏறும் குட்டி விமானங்களுக்கு உலகிலேயே சுறுசுறுப்பான இடம் அதுதான். வீட்டுக்கு வீடு டி.வி.எஸ். 50 நிற்பதுபோல் கரையெல்லாம் விமானம்.

அவனுடைய நண்பர், வெள்ளைக்கார விமானி ஒருவர், வீட்டில் மாட்டியிருந்த வ.உ.சி. படத்தைப் பார்த்து யாரென்று கேட்டார். எங்கள் ஊர்க்காரர், 1906-ல் வெள்ளையரை எதிர்த்துக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் என்றேன். "எத்தனை ரூட்?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. தூத்துக்குடி – கொழும்பு என்றேன். "அந்தக் கப்பல் ஊழியர்களுக்கு ஓய்வு விதி இருந்ததா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று பிறகு புரிந்தது. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானியான பெண் முந்தின இரவு முழுக்கச் சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு வேலைக்கு வந்தவர். தலைமை விமானி நிலையத்து ஊழியர் அறையில் கண்ணயர்ந்தவர். தவறான கையாளலே விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை. களைப்பு எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல முடியவில்லை என்றாலும், அதை யாரும் மறக்கவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் வாஷிங்டனைச் சுற்றி வந்தன. 2011 டிசம்பரில் புதிய ஓய்வு விதிகள் அறிவிக்கப்பட்டு, 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தன. டியூட்டிக்கு முன் பத்து மணிநேர ஓய்வு, அதில் எட்டு மணிநேரம் தூங்க வாய்ப்பு, வாரத்துக்கு 30 மணிநேரம் தொடர்ச்சியான விடுதலை.

"நல்லது" என்றேன்.

"அது பயணிகள் விமானத்துக்கு மட்டும் சித்தப்பா. எங்களுக்கு இல்ல."

சரக்கு விமானங்களை அந்த விதியிலிருந்து விலக்கிவிட்டார்கள். செலவையும் பலனையும் தராசில் வைத்துப் பார்த்ததில் கட்டுப்படியாகவில்லையாம். பெட்டிகளுக்கு உயிரில்லை, முன்னால் இருக்கிற இரண்டு பேர்தானே என்பதுதான் அந்தத் தராசு. புதிய விதி வருவதற்குச் சில மாதம் முன், 2013 ஆகஸ்ட் 14 விடியுமுன், யு.பி.எஸ். சரக்கு விமானம் ஒன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஓடுபாதைக்கு முன்பே மேட்டில் மோதியது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். துணை விமானியின் களைப்பும் ஒரு காரணம் என்று விசாரணை எழுதியது. அன்றிரவு அந்த இருவரும் பேசிக்கொண்டதில் சரக்கு விமானிகளுக்கான ஓய்வு விதியும் வந்தது, ஒலிப்பதிவில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அவன் படுக்கையறைக்குப் போய் அலுமினியத் தாளின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒட்டினான்.

உடம்புக்கு ஒரு சொந்தக் கடிகாரம் இருக்கிறது, அது கிரீன்விச்சுக்குக் கட்டுப்படாது. விடியற்காலை இரண்டிலிருந்து ஆறு மணிக்குள் அது மிகவும் தாழ்ந்து கிடக்கும் நேரம் என்று விமானத்துறை விதிப்புத்தகங்களே ஒத்துக்கொள்கின்றன. நைட் ஹால்ட் வண்டி எடுக்கிற எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார்.

நான் ஊர் திரும்பிய பிறகு, டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தது. டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எனக்கு அந்தச் செய்தி சார்ட்டாகத்தான் தெரிந்தது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024 ஜனவரியில் அறிவித்த புதிய ஓய்வு விதிகள், நீதிமன்றம்வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்திருந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. நள்ளிரவு முதல் காலை ஆறுவரை உள்ள நேரத்தில் ஒரு விமானி இறங்கக்கூடிய தடவை ஆறிலிருந்து இரண்டானது. வண்டி அதே எண்ணிக்கை, ஒரு டிரைவர் ஓட்டும் நடையைக் குறைத்துவிட்டார்கள் என்றால் ஆள் எங்கே என்று எந்த டைம் கீப்பரும் முதல் நாளே கேட்டிருப்பார். வருஷக்கணக்காக அறிவிப்புக் கையில் இருந்தும் கேட்காமல் போனதுதான் ஆச்சரியம். கடைசியில் அந்த நிறுவனத்துக்கு இரவு விதியில் தற்காலிகத் தளர்வு கொடுத்தார்கள். பயணிகள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்பது நியாயம்தான். ஆனால் கஷ்டம் வந்ததும் முதலில் தளர்வது விமானியின் தூக்கம் என்பதில் அலாஸ்காவுக்கும் நமக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வாரம் மதினி அவனுக்குப் போன் போட்டார்கள். "ஏய்யா, இங்க பிளேனெல்லாம் நின்னு போச்சாமே, உனக்கு ஒண்ணுமில்லையே?" இல்லையென்றான். அடுத்ததாக, சித்திரையில் ஊர்க் கொடைக்கு வருவானா என்று கேட்டார்கள். அவன் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். அம்மாவுக்கு விளக்க அவனுக்குப் பொறுமையில்லை. அடுத்த வருஷ விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, ஏப்ரல் வாரங்களை மேலே இருப்பவர்கள் எடுத்துவிட்டார்கள் என்றான். அமெரிக்காவில் விமானிகளுக்கு ஓய்வு வயது 65. அவனுக்கு மேலே இருப்பவர்களில் யார் யார் எந்த மாதம் 65 தொடுகிறார்கள் என்று பட்டியல் வைத்திருக்கிறான். ஒருவர் மார்ச்சில் போகிறாராம்.

"அவர் போனா எத்தனை நம்பர் ஏறுவ?" என்று கேட்டேன்.

"ஒண்ணு சித்தப்பா."

மதினியிடம், "மாசியில சொல்லுதேங்கான்" என்று சொல்லி வைத்தேன்.