களனிப் பள்ளத்தாக்கின் கிறவல் பாதைகள்

கொழும்பு மாநகரம் பருகும் நீரில் பெரும்பகுதி அம்பத்தலையிலே களனி கங்கையினின்றும் எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது என்பதையும், நம் வீடுகளில் எரியும் மின்விளக்குகளுக்கு வேண்டிய சக்தியில் ஒரு பங்கு அக்கங்கையின் தலைநீர்களைத் தேக்கிய லக்சபான முதலிய நிலையங்களில் பிறப்பது என்பதையும் பாடசாலைப் பருவத்திலே படித்தவர்கள் நம்மில் அநேகர். ஆனால், அந்நீர் எந்த மலையில் ஊறி, எந்த வனத்தின் நிழலில் ஓடி, யாருடைய குடியிருப்புகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்கிறது என்பதைக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரே. வெள்ளவத்தைவாசிகளாகிய நமக்குக் கடல் தெரியும். காலி வீதியின் இரைச்சல் தெரியும். கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரத்தில், கங்கை கடலோடு கலக்கும் இடத்தையும் சிலர் பார்த்திருப்போம். முடிவைப் பார்த்தவன் தொடக்கத்தையும் பார்க்க விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்தை நிறைவேற்றிக் கொள்வதற்குத் துவிச்சக்கர வண்டியை விடச் சிறந்த வாகனம் இல்லையென்பது என் திடமான அபிப்பிராயம்.

மோட்டார் வாகனத்திலே அவிசாவளையிலிருந்து ஹற்றன் வீதியால் ஏறிச் செல்பவருக்கு அப்பள்ளத்தாக்கு கண்ணாடிக்கு வெளியே விரைந்து மறையும் பசுமையாக மாத்திரமே தோன்றும். நடந்து செல்பவருக்கு ஒவ்வொரு செடியும் புலப்படுமாயினும், ஒரு பகலில் ஒரு மலையைச் சுற்றி வருவதே பெரும்பாடாகும். சைக்கிளில் செல்பவனோ ஒரே நாளில் இறப்பர்த் தோட்டத்தையும் மழைக்காட்டையும் தேயிலை மலையையும் கடந்துவிடலாம். கடக்கும்போதே வழியில் எதிர்ப்படுவோருடன் நின்று இரண்டு வார்த்தை பேசவும் அவனால் இயலும். கிறவல் பாதைகளுக்கென்றே இக்காலத்தில் தனியாக ஒரு வகைச் சைக்கிள் செய்கிறார்கள். பார்வைக்கு ஓட்டப்பந்தயச் சைக்கிளைப் போலக் கீழ்நோக்கி வளைந்த கைபிடி உடையதாயினும், அதன் சக்கரங்களில் ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் அகலமுள்ள டயர்கள் பூட்டப்பட்டிருக்கும். செங்குத்தான ஏற்றத்திலும் அமர்ந்தபடியே மெல்ல மிதித்து ஏறத் தக்கவாறு பற்சக்கரங்கள் அமைந்திருக்கும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே 2006 ஆம் ஆண்டு தொடங்கிய நெடுந்தூரப் போட்டியொன்று இக்கலையைப் பிரபலப்படுத்திற்று. 2022 இல் இத்தாலியின் வெனெத்தோ பிரதேசத்தில் இதற்கென முதலாவது உலகச் சம்பியன் போட்டியும் நடைபெற்றது. கலை புதியதாயினும், அதற்கு வேண்டிய பாதைகள் நம் மலைநாட்டிலே நூறாண்டுக்கு மேலாகக் காத்துக் கிடக்கின்றன.

டயரிலுள்ள காற்றைச் சற்றுக் குறைத்துவிட்டால், சிறு கற்கள் சக்கரத்தைத் தூக்கி எறியாமல் டயருக்குள் அமுங்கி அடங்கும். சரளைமேற் செல்லும் கலையின் இரகசியம் பெரும்பாலும் இதில் அடங்கியிருக்கிறது. அந்தக் காற்றடைத்த டயருக்கும் களனிப் பள்ளத்தாக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1888 ஆம் ஆண்டிலே, பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த டயருக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே, பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவுக்கு அணித்தான ஹெனரத்கொடையில் நடப்பட்டிருந்தன. சைக்கிளும் அதன்பின் மோட்டார் வாகனமும் உலகெங்கும் பெருகவே, இறப்பருக்குக் கிராக்கி உண்டாயிற்று. களனிப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த குன்றுகளெல்லாம் இறப்பர்த் தோட்டங்களாயின. நாரஹேன்பிட்டி, நுகேகொடை, ஹோமாகம வழியாக ஒடுங்கிய தண்டவாளத்தில் ஓடிய புகைவண்டி 1902 இல் அவிசாவளையையும், 1903 இல் எட்டியாந்தோட்டையையும் எட்டி, இறப்பரையும் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்குச் சுமந்து வந்தது. எட்டியாந்தோட்டைக் கிளை 1942 இல் மூடப்பட்டுவிட்டது. அவிசாவளைப் பாதை அகலமாக்கப்பட்டு இன்றும் பயன்படுகிறது.

விடியற்காலையில் அவிசாவளையை விட்டுப் புறப்பட்டு, பெருவீதியைத் துறந்து தோட்டப் பாதையொன்றில் திரும்பினால், இருமருங்கிலும் ஒரே சீராகச் சாய்ந்து நிற்கும் இறப்பர் மரங்களினூடே பால்வெட்டும் பெண்கள் மரத்துக்கு மரம் நடந்து கொண்டிருப்பதைக் காணலாம். சாய்வாக இறங்கும் பழைய வெட்டின் ஓரத்திலே நூலளவு தடிப்புள்ள பட்டையை மாத்திரம் சீவியெடுக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் புண்படும், மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. சீவிய மறுகணமே வெண்மையான பால் முத்து முத்தாக அரும்பி, வரிசையாகக் கூடி, தகரத் தகட்டின் வழியே இறங்கிச் சிரட்டையில் சொட்டத் தொடங்குகிறது. வெயில் ஏறினால் பால் குறைந்துவிடுமாகையால் இவ்வளவு வேலையும் காலையிலேயே முடிந்தாக வேண்டும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தாலோ அன்று வெட்டே இல்லை. நம்முடைய சக்கரங்களின் பூர்வீகத்தை இங்கே பார்த்துவிட்டு மேலே மிதிப்பவனுக்குத் தன் வண்டியின் மேலேயே ஒரு புதிய மரியாதை பிறக்கும்.

எட்டியாந்தோட்டையைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு குறுகி, மலைகள் நெருங்கி வருகின்றன. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையென்னும் ஒரே பெயரைப் பெறுவது கித்துல்கலைக்குச் சற்று மேலேதான். டேவிட் லீன் என்னும் ஆங்கிலேய நெறியாளர் 1957 இல் வெளியான தமது புகழ்பெற்ற திரைப்படத்துக்காக இங்கே ஆற்றின் குறுக்கே மரப்பாலம் கட்டித் தகர்த்தமையால் உலகினர் பலர் இவ்விடத்தை அறிவர். எனக்கோ அக்கரையிலுள்ள மாக்கந்தாவ வனமே பெரிதாகத் தோன்றுகிறது. வானளாவிய விருட்சங்களின் கீழே பகலும் பச்சை நிறமாக இருக்கிறது. கூந்தற்பனையின் பூங்குலைகள் இருண்ட தண்டிலிருந்து சடை சடையாகத் தொங்குகின்றன. ஈரச் சருகிலே காலூன்றி நின்றவனை அட்டைகள் உடனே கண்டுபிடித்து விடுகின்றன. ஆற்றின் ஓசை மரங்களுக்கு அப்பாலிருந்து ஓயாமல் கேட்டுக் கொண்டேயிருக்கும். இவ்வூரின் பெலிலென என்னும் குகையிலே கற்கால மனிதருடைய எச்சங்களை அகழ்ந்தெடுத்த சிரான் தெரணியகல, அக்காலத்து மக்கள் கடற்கரையிலிருந்து உப்பைக் கொண்டுவந்து உபயோகித்தமைக்குச் சான்று கண்டதாக எழுதியிருக்கிறார். ஆகவே, கடலோரத்தையும் இந்த வனத்தையும் இணைத்த வழிகள் எந்த அரசனுக்கும் எந்தத் துரைக்கும் முற்பட்டவை. இவ்வழியால் மலையேறும் நாம் மிகப் பழைய பிரயாணிகளின் அடியைப் பின்பற்றுகிறோம்.

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனையை நோக்கி மலை எழும்பத் தொடங்கும்போது இறப்பர் மறைந்து தேயிலை தோன்றுகிறது. தோட்டப் பாதை மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. பெருமழைக்குப் பேர்போன இப்பிரதேசத்திலே, தாரும் சீமெந்தும் இல்லாத இந்தச் சரளைப் பாதை கரைந்து போகாமல் நிற்பது எப்படியென்று நான் வியந்ததுண்டு. அதற்கு விடை சொன்னவர், பாதையோரத்திலே மண்வெட்டியால் கான் வெட்டிக் கொண்டிருந்த முதியவர் ஒருவர். சைக்கிளை நிறுத்தி, “இந்தப் பாதை ஆர் போட்டது, ஐயா?” என்று கேட்டேன்.

“எங்க தாத்தா காலத்துப் பாதை தம்பி,” என்றார் அவர். “தண்ணி கானுல போனா ரோடு நிக்கும். ரோட்டு மேல போனா ரோடு தண்ணியோட போயிரும்.”

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து, கானில் அடைத்திருந்த சருகையும் வண்டலையும் வாரிப் பள்ளத்துப் பக்கமாக எறிந்தார். மலைப்பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கான். சிறிது தூரத்துக்கொரு தடவை பாதைக்கு அடியிலே கல்லடுக்கிக் கட்டிய மதகு. மதகின் வாயில் நீர் விழுந்து மண்ணை அரிக்காதபடி பதித்த பெருங்கற்கள். இத்தனையையும் ஒவ்வொரு மழைக்குப் பின்னரும் எவரோ ஒருவர் திருத்திக் கொண்டேயிருக்க வேண்டும். பாதை ஒரு தடவை செய்து முடிக்கப்பட்ட பொருளாக இருப்பதில்லை. மழைதோறும் அது புதிதாகச் செய்யப்படுகிறது. அன்றுமுதல், இறக்கத்திலே எந்தக் கல்லைத் தவிர்ப்பதென்று பாதையை நோக்கும் என் கண், பக்கத்துக் கானையும் நோக்கப் பழகிவிட்டது.

தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்து, வழியிற் பலரை நோய்க்கும் பசிக்கும் பலிகொடுத்த மக்களின் சந்ததியார் இம்முதியவரும் அவரைப் போன்றோரும். அவ்வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் மறுபடியும் நடந்தார்கள். காட்டை வெட்டியதும், கோப்பி அழிந்தபின் தேயிலையை நட்டதும், இந்தப் பாதைகளுக்குக் கல்லடுக்கியதும் அவர்கள் கைகளே. அப்படியிருந்தும் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. கொழும்புத் தமிழராகிய நாம் இவ்வரலாற்றைப் புத்தகத்திற் படித்துப் பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடுகிறோம். அவர்கள் கட்டிய பாதையிலே அவர்கள் நடக்கும் வேகத்துக்குச் சற்றே மேலாகச் சென்று பார்த்தாலன்றி அதன் பாரம் நெஞ்சில் இறங்குவதில்லை.

இன்னும் மேலே நோர்ட்டன் பிரிட்ஜில் நீரைத் தேக்கி நிற்கிறது ஓர் அணைக்கட்டு. இம்மலையருவிகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சக்தி பெறலாமென்று 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். பின்னர் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் அமிழ்ந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழ்கையில் அதன் வழிபாட்டிடங்கள் வெளித்தோன்றுவதைப் பார்க்கச் சனங்கள் திரளுகிறார்கள். நகரத்துக்கு ஒளி தருவதற்காக ஒரு மலைநகரம் தன்னைக் கொடுத்திருக்கிறது.

கண்டிக்கு அணித்தான ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, தோட்டப் பாதைகளை இணைத்து, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் செல்லும் பெக்கோ நடைவழி இப்பொழுது உலகப் பிரயாணிகளை அழைக்கிறது. இனிமேல் கிறவல் சைக்கிள்களும் பெருகும். இது நல்லதே. நம் இளைஞர்களும் காலி வீதியின் புகையை விட்டு ஓர் அதிகாலையிலேனும் இப்பள்ளத்தாக்குக்குப் போகட்டும். அனுமதி கேட்டுத் தோட்டத்துக்குள் நுழையட்டும். கொழுந்துக்கூடை சுமந்து வருவோர் எதிர்ப்பட்டால் இறங்கி வழிவிடட்டும். தேநீரைத் தோட்டத்துக் கடையிலேயே குடிக்கட்டும். ஆயினும், இவற்றால் மாத்திரம் நம் கடன் தீர்ந்துவிடாது. தம் பெயரில் ஒரு துண்டு நிலத்துக்கு உறுதி இல்லாமல் இன்றும் லயங்களிலே வாழும் குடும்பங்களே அக்கான்களை வெட்டுகின்றன. இப்பாதைகளின் அழகை விற்று வரும் வருமானத்திலே பாதையைப் பேணுவோருக்கு ஒரு பங்கும், அவர்கள் குடியிருக்கும் மண்ணிலே அவர்களுக்கு உரிமையும் நியாயமாகச் சேரவேண்டியவை. அவற்றை வற்புறுத்திக் கேட்கும் பொறுப்பு, அவர்கள் காத்த நீரைப் பருகி, அவர்கள் காத்த வழியிலே இன்பம் துய்க்கும் நமக்கே முதலில் உண்டு.