தோளிற் சுமக்கும் பை

ஒரு பொருளின் தகுதியை அதன் பகட்டைக் கொண்டு அளப்பது நம்மவரிடையே வேரூன்றிவிட்ட வழக்கம். மணப்பந்தலுக்கு வாரி இறைக்கத் தயங்காத கை, நாள்தோறும் நமக்காக உழைக்கும் கருவிக்குச் செலவிட நேர்ந்தால் பின்வாங்குகின்றது. மிதிவண்டியிற் செல்வோர் தோளிற் குறுக்காக மாட்டிக்கொள்ளும் பையும் அவ்வாறு புறக்கணிக்கப்படும் கருவிகளுள் ஒன்று. “ஒரு பைக்கும் ஒரு கட்டுரையா?” என நேயர்கள் நகைக்கலாம். நகைத்த பின்னர்ச் சற்றே செவிசாய்க்க வேண்டுகின்றோம்.

நாம் கிள்ளான் வட்டாரத்தில் வசிக்கின்றோம். போகவும் வரவுமாக நாளொன்றுக்கு 14 கிலோமீட்டர் மிதிவண்டியிலேயே சென்று வருகின்றோம். மாலை வேளைகளில், பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இன்றி இடர்ப்படுவோர்க்கு மனு எழுதிக் கொடுப்பது நம் வழக்கம். அவர்களுட் பலர் முன்னாளில் தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர். ஒருநாள் மூதாட்டி ஒருவர், நான்காய் மடித்த பழுப்பேறிய சீட்டொன்றை நம்மிடம் நீட்டினார். அவர் தம் தாயார் பால்மரம் வெட்டிய தோட்டத்தின் நிர்வாகம் வழங்கியது அது. அத்தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாய் மாறிவிட்டது. சீட்டை எழுதிய கிராணியும் இல்லை, அவர் இருந்த அலுவலகமும் இல்லை. அதற்கு மறுபடி கிடையாது. “ஐயா, மழையில நனையாதுங்களா?” என்று அவ்வம்மையார் வினவினார்.

நனையாது என்று வாயாற் கூறிவிடலாம். பையும் அதனைக் கூறவேண்டுமே! அப்போது நம்மிடம் இருந்தது அன்பர் ஒருவர் பரிசாய் அளித்த பை. புறத்தோற்றத்தில் யாதொரு குறையுமில்லை. எனினும் ஈராண்டு நிரம்புமுன்னரே அதன் உட்பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாய் உதிரத் தொடங்கியிருந்தது. அன்று அச்சீட்டைப் பேருந்திற் கொண்டு சென்று ஒப்படைத்தோம். அதன் பின்னரே, நம்பத்தக்க பை யாது என ஆராயத் தலைப்பட்டோம்.

முதற்கண் அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இத்தகைய பை, 1950-களில் நியூயார்க் நகரில் டி மார்ட்டினி குளோப் கான்வாஸ் என்னும் நிறுவனம், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் கம்பியாட்களுக்காகத் தைத்தது. கம்பத்தைப் பற்றி நிற்பவன் பையை முன்னே இழுத்துக் கருவியை எடுக்க வேண்டும். குறுக்கு வார் அமைந்த காரணம் அதுவே. பின்னர் அந்நகரில் கடிதங்களையும் ஆவணங்களையும் கொண்டு சேர்த்த மிதிவண்டித் தூதர்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். 1989-இல் சான் பிரான்சிஸ்கோவில் அத்தகைய தூதர் ஒருவரே டிம்பக்டூ என்னும் பை நிறுவனத்தைத் தொடங்கினார். 1993-இல் சூரிச் நகரில் பிரைட்டாக் சகோதரர் இருவர், லாரிகளின் பழைய தார்ப்பாய், இருக்கை வார், மிதிவண்டி ட்யூப் ஆகியவற்றைக் கொண்டே பை தைத்தனர். ஆகவே இப்பை உழைப்பாளியின் தேவையிற் பிறந்ததென்பது தெளிவு. கடைக்கண்ணாடிக்குள் அழகு காட்டுவதற்காக அது தோன்றவில்லை.

நிற்க. பையைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது? துணியின் வன்மையைக் குறிக்க ‘டெனியர்’ என்றோர் எண்ணை விற்போர் கூறுவர். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் நிறை உள்ளதோ, அதுவே அவ்விழையின் டெனியர். 1,000 டெனியர் நைலான் உராய்வை நன்கு தாங்கும். ஆனால் எண் பெரிதாயின் நீர் புகாது என்று கொள்ளுதல் தவறு. நீரைத் தடுப்பது பூச்சும் உள்ளுறையுமே. ஈண்டுதான் நம் நாட்டுத் தட்பவெப்பம் குறுக்கிடுகின்றது. பாலியூரித்தேன் பூச்சுகளுட் பல, ஈரமும் வெப்பமும் கூடியவிடத்து நாளடைவில் நீராலேயே சிதைவன. பையைப் பயன்படுத்தாது அலமாரியிற் பூட்டி வைத்தாலும் அச்சிதைவு நில்லாது. குளிர்நாட்டிற் பல்லாண்டு நிற்பது இங்கு விரைவில் உரிந்துபோவதன் மருமம் இதுவே. லாரித் தார்ப்பாய் வகையைச் சேர்ந்த பி.வி.சி. உள்ளுறை நிறை மிகுந்தது. ஆயினும் அவ்வாறு பிசுபிசுப்பதில்லை. அவ்வுறை, புறத்துணியோடு சேர்த்துத் துளைத்துத் தைக்கப்படாமல் தனியே தொங்குதல் நலம். ஊசித்துளை ஒவ்வொன்றும் மழைக்கு ஒரு வாயில் அன்றோ?

அடுத்துத் தையலைக் காண்க. வார் பையோடு சேருமிடத்தில் சதுரமும் அதனுள் பெருக்கற் குறியும் இட்டுத் தைத்திருத்தல் வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலே தகும். பல்லிணைப்பு மட்டுமே வாயாக அமைந்த பையினும், அகன்ற மூடி இருபுறமும் கவிந்து இறங்கும் பை மேலானது.

இனி உயிரைப் பற்றிய செய்தி. குறுக்கு வார் ஒன்றே உள்ள பை, வண்டி வளைவில் சாயும்போது முதுகினின்றும் நழுவி முன்னே வந்து விழும். பின்னால் லாரி வருங்கால் அந்த ஒரு நொடித் தடுமாற்றம் போதும். எனவே அக்குளின் கீழ் மாட்டும் இரண்டாம் வார் இன்றியமையாதது. நம் சாலைகளில் இடப்புறம் செல்லும் நாம் அடிக்கடி வலப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டும்; அப்போது பை கண்ணை மறைத்தலாகாது. இரவில் ஒளியைத் திருப்பும் பட்டையும், பின்விளக்கு மாட்டும் வளையமும் இருத்தல் வேண்டும்.

கடைக்குச் செல்லும்போது ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்றை உடன் கொண்டு சென்றோம். கடைக்காரர் முதலில் வியந்தார், பின்னர் நகைத்தார். அதனைப் பையிலிட்டுத் தோளில் மாட்டிக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தோம். வெறும் பையை மாட்டிப் பார்ப்பதனால் அறியக்கூடியது யாதுமில்லை. வீட்டிற்கு வந்து, பழைய நாளிதழை உள்ளே வைத்துக் குழாயடியிற் பத்து நிமிடம் பிடித்தோம். தாள் காய்ந்தே இருந்தது. ஐந்து கிலோவிற்கு மேற்பட்ட சுமையை நாம் தோளில் ஏற்றுவதில்லை. அதற்கு வண்டியின் பின்தாங்கி உளது. ஒரே தோளிற் பெருஞ்சுமை ஏற்றி முதுகெலும்பை வளைத்துக் கொள்வது வீரமன்று.

அப்பை இன்று நான்காம் ஆண்டில் நடக்கின்றது. வாரின் ஓரம் ஒருமுறை பிரிந்தது; செருப்புத் தைக்கும் தோழர் ஒருவர் கால்மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார். பழுது பார்க்க இயலும் பொருளே நீடித்து உழைக்கும் பொருள்.

மூதாட்டியின் மனு இன்னும் முடிவுறவில்லை. அதன் பொருட்டு எழுந்த கடிதங்கள் பலவும் இப்பையிலேயே போய் வந்தன, ஒன்றேனும் நனையவில்லை. நீதி வழங்குதல் பையின் தொழிலன்று. நீதி வரும் நாள்வரை சான்றினைக் காய்ந்தபடி காத்தலே அதன் தொழில். அதனைப் பை செய்கின்றது. எஞ்சியதை மனிதர் செய்தல் வேண்டும்.