தோம்பில் எழுதாத தெய்வம்

"நான் எந்தச் சமயத்தையும் சேராதவன்" என்று சண்டிலிப்பாயில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு சமயத்துக்குள் அடங்காமல் வாழ்ந்து முடித்தவர்கள் பலரைத் தெரியும். சீரணி நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைத்த வீட்டுக்காரர்தான் ஆவணியில் மடு மாதாவிடமும் போனார். சில்லாலையில் கத்தோலிக்க வைத்தியரிடம் குளிசை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் கல்வளைப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினார்கள். இதற்கெல்லாம் ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை. விளக்கம் தேவைப்படுகிறது என்றுகூட அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

விளக்கம் கேட்டவள் ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த என் அண்ணரின் மகள்.

"சித்தப்பா, கணக்கெடுப்புப் படிவத்திலை சமயம் இல்லையெண்டுதான் போட்டனான். ஆனா இரவிலை தனிய இருக்கேக்கை கும்பிட வேணும்போலை இருக்கு. ஆரைக் கும்பிடுறதெண்டுதான் தெரியேல்லை. இது பிழையோ?"

அவள் தனியாள் இல்லை. கனடாவின் 2021 குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 34.6 பேர் சமயம் எதையும் சாராதவர்கள். 2001இல் அது 16.5 ஆகத்தான் இருந்தது. அமெரிக்காவில் பியூ ஆய்வு நிலையம் 2023இல் கேட்டபோது, வளர்ந்தவர்களில் 22 வீதமானவர்கள் தங்களுக்கு ஆன்மிகம் உண்டு, சமயம் இல்லை என்ற வகையில் அடங்கினார்கள். இது மேற்கில் முளைத்த புதுப் பழக்கம் என்று அவள் நினைத்திருந்தாள். எனக்கு அப்படிப் படவில்லை. இதன் வேர் எங்கள் மண்ணிலும் ஓடுகிறது என்று மனம் சொன்னது. எங்கே ஓடுகிறது என்று பார்க்கப் புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இப்படித் தேடுகிற யாரும் முதலில் போய் நிற்கும் இடம் கொழும்புத்துறை. யோகர் சுவாமிகள் இருந்த ஊர். 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்து, கத்தோலிக்கரின் சென் பற்றிக்ஸ் கல்லூரியில் படித்து, இரணைமடு நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். 1964இல் மறையும் வரை, அவருடைய சின்னக் குடிலுக்கு விடியப்புறத்திலும் பின்னேரத்திலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிரக்கிராசி வந்தார், மீன் விற்பவர் வந்தார். சைவர் மட்டுமல்ல, கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் வந்தார்கள். சூல்பரிப் பிரபுவின் மகன் அங்கே வந்து சீடராகிச் சந்தசுவாமி ஆனார். ஜெர்மனியில் பிறந்த ஒருவர் கௌரிபாலா ஆகிச் செல்வச்சந்நிதியில் தங்கிவிட்டார். யாழ்ப்பாணம் அவரை இன்றும் 'ஜெர்மன் சுவாமி' என்றே சொல்லும்.

சின்ன வயதில் சுவாமியைக் கண்ட ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். சுவாமி என்ன போதித்தார் என்று அவரிடம் கேட்டேன்.

"போதிச்சவரோ? ஏசிக் கலைப்பார் தம்பி. நான் கேள்வியோடைதான் போனனான். வாய் திறக்க முன்னமே, 'உனக்கு என்ன தெரியும்? எனக்கும் ஒண்டும் தெரியாது, போ' எண்டார். வீட்டை வந்து சேரேக்கை அந்தக் கேள்வியே இல்லை."

இந்தத் "தெரியாது" யோகருக்கு நல்லூர்த் தேரடியில் கிடைத்தது. கந்தசுவாமி கோவில் தேர்முட்டியில் அழுக்கு வேட்டியோடு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த செல்லப்பா சுவாமியை ஊர் விசரன் என்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வழியால் போன யோகரைப் பார்த்து, "ஆரடா நீ?" என்று அவர் அதட்டினார். பெயரையோ ஊரையோ கேட்ட கேள்வி அல்ல அது. செல்லப்பர் விட்டுப்போனவை நான்கு சிறு வாசகங்கள்: எப்பவோ முடிந்த காரியம், ஒரு பொல்லாப்பும் இல்லை, நாம் அறியோம், முழுதும் உண்மை. இந்த நான்கில் கடவுளின் பெயர் இல்லை. நூலின் பெயர் இல்லை. செய், செய்யாதே என்ற கட்டளையும் இல்லை. முருகன் கோவில் வாசலிலேயே ஆயுளைக் கழித்த ஒரு மனிதர், முருகனை ஏற்காதவரும் சொல்லக்கூடிய நான்கு வசனங்களை விட்டுப்போயிருக்கிறார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

செல்லப்பருக்கு முன்னால் கடையிற் சுவாமி. இந்தியாவிலிருந்து வந்து, யாழ்ப்பாணப் பெரியகடையில் வியாபாரிகளுக்கு நடுவே திரிந்ததால் அந்தப் பெயர். அவருக்கு முன்னால் தடம் கடல் கடந்து போய்விடுகிறது. குருமாரின் வரிசை கிடைத்துவிட்டது. ஆனால் இப்படி ஒருவரை விசரன் என்று ஏசிக்கொண்டே அவர் காலில் விழவும் முடிந்த ஊர் எப்படி உண்டானது? அதற்கு நான் தூரம் போகத் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் சங்கானை. அங்கே முருகைக்கற் சுவர்களோடு ஒரு பழைய தேவாலயம் இடிந்து நிற்கிறது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கோவிற்பற்று ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயம், அதனோடு ஒரு பள்ளிக்கூடம், அங்கே ஒரு தோம்பு. ஞானஸ்நானமும் கல்யாணமும் அதில் பதியவேண்டும். பதியாவிட்டால் உத்தியோகம் இல்லை, கல்யாணம் சட்டத்தில் செல்லாது, பிள்ளைகளின் முதுசத்துக்கும் சிக்கல். எங்கள் முன்னோர் பதிந்தார்கள். பதிந்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் தெய்வத்துக்கு விளக்கு வைத்தார்கள். அந்த ஒல்லாந்தர் காலத்திலேயே நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் எங்கள் ஊர்ப் பிள்ளையார்மீது கல்வளையந்தாதி பாடினார். 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் தேவாலயங்கள் வெறிச்சோடிக் கூரை இழந்தன.

சங்கானைச் சுவரின் நிழலில் நின்றபோது இதை நினைத்தேன்: தோம்பில் எழுதிய சமயம் ஒன்று, நெஞ்சில் இருப்பது வேறு என்று ஐந்தாறு தலைமுறை வாழ்ந்து பழகிய சனம் நாங்கள். அச்சத்தில் கற்ற பாடம் அது, அதைப் பெருமையாகச் சொல்லமாட்டேன். ஆனால் பதிவேட்டில் உள்ள பெயரைக் கொண்டு ஒருவரின் உள்ளத்தை அளக்க முடியாது என்ற அறிவு அந்தக் காலத்தில்தான் எங்களுக்குள் ஆழமாக இறங்கியிருக்கவேண்டும்.

பிறகு வந்தது எதிர்த்திசைக் காற்று. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்திறங்கி, அந்தப் பாழடைந்த தேவாலயங்கள் சிலவற்றையே திருத்திப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அவர்களுக்கு விடையாக எழுந்தவர் ஆறுமுக நாவலர். சைவப்பிள்ளைகளுக்குக் கேள்வியும் பதிலுமாகச் சைவவினாவிடை எழுதினார், 1848இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கினார். நாவலர் இல்லாவிட்டால் எங்களிடம் இன்று எஞ்சியிருப்பது எவ்வளவு என்று எண்ணவே பயமாக இருக்கிறது. ஆனாலும் எது சைவம், எது சைவமல்ல என்று அவர் கோடு கிழித்தபோது சில வாசல்கள் சாத்தப்பட்டன. சாதி சமய வேறுபாடுகளைக் கடக்கச் சொன்ன வள்ளலாரோடு அவருக்கு மூண்ட அருட்பா வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நாவலர் கோவில் முறைகளைத் திருத்தப் போராடிய நல்லூரிலேதான், அவர் காலத்து மனிதரான செல்லப்பர் தேரடியில் இருந்து "நாம் அறியோம்" என்றார். கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்த நூலும், பதிலே இல்லை என்ற மனிதரும் ஒரே ஊரில். எங்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

இவ்வளவையும் அண்ணரின் மகளுக்குச் சொன்னேன். "அப்ப யோகர் சுவாமியும் என்னைப்போலைதான்" என்றாள் சந்தோஷமாக. அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

"இல்லைப் பிள்ளை. அவர் சிவனைப் பாடினவர். 1935இலை 'சிவதொண்டன்' எண்டே பத்திரிகை தொடங்கினவை. திருமுறை ஓதச் சொன்னவர். அறியோம் எண்டு சொல்லுறதுக்காக வேலையை விட்டு, வெயிலிலையும் மழையிலையும் இலுப்பை மரத்துக்குக் கீழை இருந்தவர். உனக்கு ஒண்டிலையும் பிடிப்பில்லை எண்டுறதும், அவர் ஒண்டிலையும் கட்டுப்படேல்லை எண்டுறதும் ஒண்டில்லை."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப நான் என்ன செய்யவேணும்?"

சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவளுக்கு இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னேன். 1949இல் றொபேட் ஹான்சன் என்ற அமெரிக்க இளைஞர் கொழும்புத்துறைக் குடிலுக்கு வந்தார். யோகர் அவர் முதுகில் ஓங்கி அறைந்து அனுப்பினார். அவர் சுப்பிரமுனியசுவாமியாகி, ஹவாயின் கவாய்த் தீவில் சைவ மடம் நிறுவி, கொள்கையிலும் ஒழுக்கத்திலும் இம்மியும் பிசகாத ஒரு சைவத்தை வளர்த்தார். அதே சுவாமியைத் தேடிவந்த இன்னொருவர் சுசுனாக வீரபெரும, சிங்கள பௌத்தக் குடும்பத்துப் பிள்ளை. அவர் யோகரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்த அமைப்பும் வேண்டாம், எந்தக் குருவும் வேண்டாம் என்ற ஜே. கிருஷ்ணமூர்த்தியின் நூற்பட்டியலைத் தொகுத்தவரும் அவரே. இருவரும் ஏறியது ஒரே படி. இருவரையும் யோகர் ஏற்றுக்கொண்டார்.

வாற ஆடிக்கு வருகிறாளாம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம், தேரடியில் சனம் குறைவாக இருக்கும் ஒரு விடியற்காலையில், தன்னைத் தனியே விடவேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.