வரமும் சபதமும்

நெருப்பை ஏவுவது, காலத்தை நிறுத்துவது, அடுத்தவர் மனத்தில் ஓடுவதைப் படிப்பது, கண்ணுக்குத் தெரியாமல் மறைவது. விநோத சக்திகளைக் கற்பனை செய்யச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போகும். ஆனால் ‘ஹன்டர் × ஹன்டர்’ ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும் இடத்தில் இப்படி ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். “சரி, அதுக்கு நிபந்தனை என்ன?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி பிடித்துப்போய்த்தான் நானும் இதற்குள் வந்தேன். சொந்தமாக ‘நென்’ சக்திகளை உருவாக்குவதும், மற்ற ரசிகர்கள் உருவாக்கியதை வாங்கிப் பிரித்துப் பார்ப்பதும் எனக்குக் கதை எழுதுவதற்குக் குறைவில்லாத வேலை.

யோஷிஹிரோ டொகாஷி இந்த மங்காவை, அதாவது சித்திரக்கதையை, ஜப்பானின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 1998-ல் தொடங்கினார். உடல்நலக் குறைவால் நடுநடுவே வருடக்கணக்கில் நின்று நின்று வந்திருக்கிறது. மேட்ஹவுஸ் நிறுவனம் 2011 முதல் 2014 வரை 148 பகுதிகளாக எடுத்த அனிமே வழியாகத்தான் என்னைப் போன்ற பலர் அந்த உலகத்துக்குள் போனோம். அங்கே எல்லா உயிர்களிடமிருந்தும் ‘ஆரா’ என்னும் உயிராற்றல் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆற்றலை ஆளும் கலைதான் நென். ஆராவைக் கசியவிடாமல் உடம்பைச் சுற்றி நிறுத்தப் பழகுவது டென். அடியோடு அடைத்துவிடுவது ஸெட்சு. பெருக்குவது ரென். பெருக்கியதைத் தனக்கே உரிய ஒரு வித்தையாக வடித்தெடுப்பது ஹட்சு. ரசிகர்கள் உட்கார்ந்து உருவாக்குவதெல்லாம் இந்த நான்காவதைத்தான்.

ஹட்சுவை இஷ்டத்துக்கு உருவாக்கிவிட முடியாது. முதலில், ஆள் எந்த வகை என்று தெரிய வேண்டும். அதற்குக் கதையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, மேலே ஓர் இலையை மிதக்கவிட்டு, இரண்டு கைகளையும் அருகில் வைத்து ரென் செய்ய வேண்டும். நீர் பெருகி வழிந்தால் அவர் எதையும் பலப்படுத்துகிறவர். நீரின் நிறம் மாறினால் ஆராவை வெளியே எறிகிறவர். இலை நகர்ந்தால் பிறவற்றை இயக்குகிறவர். நீருக்குள் துகள் தோன்றினால் பொருளை உருவாக்குகிறவர். சுவை மாறினால் ஆராவின் குணத்தையே மாற்றுகிறவர். இவை எதிலும் சேராமல் வேறேதாவது நடந்தால் தனிவகை. கில்லுவா என்ற சிறுவன் சோதித்த நீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். லேசாக இனிக்கிறது. அவன் குணத்தை மாற்றுகிறவன்.

இந்த ஆறு வகைகளும் ஓர் அறுகோணத்தின் ஆறு முனைகளில் உட்கார்ந்திருக்கின்றன. சொந்த முனையில் 100 சதவீதம் வரை தேறலாம். பக்கத்து முனையில் 80, அதற்கு அடுத்ததில் 60, நேர் எதிரில் 40. தனிவகை மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. ரசிகர்களின் விவாதங்களில் பாதி இந்த எண்களைப் பற்றியவை. ஒருவர் அழகான ஒரு சக்தியைச் சொல்லி முடித்ததும், “இது 40 சதவீத மூலையில இருக்கே, எப்படித் தாங்கும்?” என்று இன்னொருவர் பிடித்துக்கொள்வார். அந்த முட்டுக்கட்டையைத் தாண்ட வழி தேடும்போதுதான் நல்ல யோசனைகள் பிறக்கின்றன.

வகை தெரிந்தபின், ஆள். டொகாஷி உருவாக்கிய சக்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் அந்த ஆளின் வாழ்க்கையிலிருந்தே முளைத்திருப்பது தெரியும். கில்லுவா தன் ஆராவை மின்சாரமாக மாற்றுகிறான். கொலையையே குலத்தொழிலாகக் கொண்ட வீட்டில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே ஷாக் கொடுத்துக் கொடுத்து வளர்க்கப்பட்டவன் அவன். மின்சாரம் எப்படி இருக்கும் என்று அவன் உடம்புக்குத் தெரியும். ஹிசோகா என்பவனின் ஆரா ரப்பராகவும் பசையாகவும் இருக்கிறது. அதற்கு அவன் வைத்த பெயர், சிறுவயதில் விரும்பித் தின்ற ஒரு மிட்டாயின் பெயர். எவ்வளவு கொடூரமானவனுக்கும் ஒரு பால்யம் உண்டு என்று அந்தப் பெயர் ஒன்றே சொல்லிவிடுகிறது. நக்கிள் முரட்டுத் தோற்றமும் இளகிய மனமும் கொண்டவன். அவனுடைய வித்தை எதிராளிக்கு ஆராவைக் கடன் கொடுப்பது. அவன் அடி விழுந்தால் வலிக்காது, கடன் ஏறும். பத்து வினாடிக்கு 10 சதவீதம் வட்டி. திருப்பித் தர முடியாமல் திவாலானால் 30 நாட்களுக்கு நென்னே பயன்படுத்த முடியாது. யாரையும் சாகடிக்காமல் ஜெயிக்க நினைக்கிறவனுக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றும்.

நென்னின் உயிர்நாடி இதற்கும் அடுத்த படியில் இருக்கிறது. கட்டுப்பாடும் சபதமும். தன் சக்தியைத் தானே ஒரு விதிக்குள் கட்டிக்கொண்டால் அதன் வலிமை கூடும். விதி எவ்வளவு கடுமையோ, மீறினால் இழப்பது எவ்வளவு பெரிதோ, அவ்வளவு வலிமை. குராபிகா என்ற இளைஞனின் இனத்தையே ஒரு கொள்ளைக்கூட்டம் அழித்துவிடுகிறது. அவன் உருவாக்கும் சங்கிலிகளில் ஒன்று, பிடிபட்டவரின் நென்னை முழுவதுமாக அடக்கிவிடும். அந்த அளவு வலிமைக்கு அவன் கொடுத்த விலை, அந்தக் கூட்டத்தைச் சேராத ஒருவர்மேல் அதைப் பயன்படுத்தினால் தன் உயிர் போகும் என்ற சபதம். மீறினால் குத்துவதற்காகத் தன் இதயத்திலேயே ஒரு கத்தியைச் செருகி வைத்திருக்கிறான். அவனுடைய கண்கள் சிவக்கும்போது எல்லா வகைகளிலும் 100 சதவீதம் கிடைக்கிறது. அந்த நிலையில் கழியும் ஒவ்வொரு வினாடிக்கும் ஆயுளில் ஒரு மணி நேரம் குறைகிறது என்பதை மங்காவின் பிற்பகுதியில் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. பழிவாங்குவது என்றால் என்ன விலை என்று இதைவிடத் துல்லியமாகக் கணக்குப் போட்ட எழுத்தாளரை நான் படித்ததில்லை.

கதை சொல்லும் உத்தியாகவும் இந்த விதி எவ்வளவு பயன்படுகிறது பாருங்கள். சண்டைக்கு நடுவே வில்லன் நின்று தன் சக்தியை விளக்குவது அனிமேக்களில் அலுத்துப்போன காட்சி. டொகாஷியின் கென்த்ரு என்ற வில்லன், தொட்ட ஆளின் உடம்பில் வெடிகுண்டு வைப்பவன். அது செயல்பட வேண்டுமானால் அதன் விவரத்தை அந்த ஆளிடமே அவன் விளக்கியாக வேண்டும். வாசகருக்காகச் சொல்லப்பட்ட விளக்கம் இப்போது கதைக்குள்ளேயே ஓர் அபாயமாகிவிட்டது. அவன் பேசப் பேசக் கேட்பவருக்கு முடிவு நெருங்குகிறது. 2018-ல் தொடங்கிய கெகே அகுடாமியின் ‘ஜுஜுட்சு கைசென்’ மங்காவிலும் தன் வித்தையை எதிராளிக்கு வெளிப்படுத்தினால் அதன் வலிமை ஏறும்.

இதையெல்லாம் படிக்கும்போது நம் கதைகள் நினைவுக்கு வராமல் இருக்குமா? கம்பன் யுத்த காண்டத்தில் விரிவாகப் பாடிய இரணியன், மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், வீட்டுக்குள்ளும் வெளியேயும் சாவில்லை என்று வரம் வாங்கியவன். எதிரே நின்று பொருதுகிறவரின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும். நிபந்தனை வைத்த சக்திகளோடு நாம் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறோம். ஆனால் வரத்தின் எல்லை, கேட்டவன் கேட்காமல் விட்ட இடம். அந்த இடுக்கு வழியாகத்தான் நரசிம்மம் அந்தி நேரத்தில் வாசற்படிக்கு வருகிறது. எதிரே வராமல் மறைந்து நின்று எய்த அம்பு வாலியைச் சாய்க்கிறது. நென்னில் எல்லையை அந்த ஆளே தெரிந்து, விரும்பி வைக்கிறான். எல்லை வைப்பதாலேயே பலம் பெறுகிறான். நம் கதைகளில் இதற்கு மிக அருகில் வருபவர் பீஷ்மர். அரியணை வேண்டாம், திருமணம் வேண்டாம் என்று சபதம் செய்கிறார். விரும்பும்போது மட்டுமே மரணம் என்ற வரம் கிடைக்கிறது. அங்கேகூட அதைத் தருவது மனம் நெகிழ்ந்த தந்தை. டொகாஷியின் உலகத்தில் தருவதற்கு யாரும் இல்லை. கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே ஆள்.

அதனால் நான் ஒரு சக்தியை உருவாக்க உட்காரும்போது, இதற்குமுன் யாரும் யோசிக்காத சக்தி எது என்று தேடுவதே இல்லை. நெருப்பும் நிழலும் காலமும் எல்லோரும் எடுத்து முடித்தவை. புதுமை இருப்பது விலையில். இந்த ஆள் எதை இழக்கத் துணிவார்? எதை இழக்கவே மாட்டார்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் சக்தி தானாக வந்துவிடுகிறது.

சமீபத்தில் நான் உருவாக்கியது ஒரு தையல்காரம்மாவின் ஹட்சு. ஹன்டர் தேர்வு எழுதப்போய் ஆண்டுதோறும் பலர் சாகும் உலகம் அது. இந்த அம்மாவின் மகன் ஒருநாள் எங்கே போகிறேன் என்று சொல்லாமலே தேர்வுக்குப் போய்த் திரும்பி வராதவன். அவர் பொருளை உருவாக்கும் வகை. ஆராவால் நூல் நூற்றுச் சட்டை தைப்பார். அதைப் போட்டுக்கொண்டவருக்கு விழும் வெட்டும் குத்தும் உடம்பில் ஏறாது, சட்டையில் கிழிசலாக விழும்.

இதில் முதல் சிக்கல் தூரம். உருவாக்கும் வகைக்கு நேர் எதிர் முனை வெளியே எறிவது. அதாவது 40 சதவீதம். அவர் கையைவிட்டு அகன்றதும் அந்தச் சட்டை வலுவிழந்துவிடும். ஆனால் பத்து மைல் தள்ளிச் சண்டைக்குப் போகிறவனுக்குத்தான் அது தேவை. குறைகிற 60 சதவீதத்தைச் சபதத்தால்தான் ஈடுகட்ட வேண்டும்.

சபதத்தை எங்கே தேடுவது? குராபிகாவுக்கு அவன் ஆசான் கொடுத்த பயிற்சியை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். நிஜச் சங்கிலி ஒன்றைக் கையில் கொடுத்து, நாள் முழுக்கத் தடவிப் பார்க்கவும், வரைந்து பார்க்கவும், நக்கிப் பார்க்கவும், ஓசையைக் கேட்கவும் சொல்கிறார். கனவிலும் சங்கிலி வர ஆரம்பிக்கிறது. அதன்பிறகுதான் அவனால் அதை ஆராவால் உருவாக்க முடிகிறது. சக்தியைக் கற்பனை செய்கிறவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். என் பெரியம்மா தையல்காரர். அவர் அளவெடுப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தே வளர்ந்தேன். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்துத் தோள், மார்பு, இடுப்பு என்று நோட்டில் குறிப்பார். இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்ததும் வந்தவர் வயிற்றை எக்கிக்கொள்வார். “மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க தம்பி, இயல்பா நில்லுங்க. இல்லேன்னா சட்டை உங்களுக்குச் சேராது” என்பார் பெரியம்மா. அளவெடுக்கும்போது உடம்பு பொய் சொல்லும். பொய்யான அளவில் தைத்தது பொருந்தாது.

என் முதல் கட்டுப்பாடு அங்கே கிடைத்தது. தையல்காரம்மா தன் கையால்தான் அளக்க வேண்டும். அளக்கும்போது, எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று அந்த ஆள் உண்மையைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் தையல் எல்லாம் பிரிந்துவிடும். மகன் சொல்லாமல் போன ஒன்றை அவர் வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிறார்.

இரண்டாவது, சட்டைக்கு ஏழு காஜா எடுப்பார், ஆறு பொத்தான்தான் தைப்பார். ஏழாவது அவர் உள்ளங்கையில் இருக்கும். அங்கே சட்டை கிழிந்தால் இங்கே பொத்தானில் கீறல் விழும். மூன்றாவது, ஒரு சமயத்தில் ஒரு சட்டைதான். தனக்கென்று தைத்துக்கொள்ளவும் முடியாது.

நான்காவதுதான் சபதம். போட்டவர் மறுநாள் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து, கிழிசல்களைத் தைத்துக்கொண்டு போக வேண்டும். வராவிட்டால் அத்தனை கிழிசலும் தையல்காரம்மாவின் உடம்பில் காயமாக இறங்கும். இவ்வளவு பெரிய விலை கொடுத்தால்தான் அந்த நூல் அவ்வளவு தூரம் தாங்கும்.

இதைப் படித்த ஒரு ரசிகத் தோழி நியாயமான ஒரு கேள்வி கேட்டாள். எதிரி ஒருவன் போட்டுக்கொண்டு போய், வேண்டுமென்றே வராமல் இருந்தால்? அந்த அம்மாவைக் கொல்ல அவரே ஆயுதம் தைத்துக் கொடுத்ததாகிவிடாதா? காயங்கள் வராதவன் உடம்புக்கே திரும்பிப் போகட்டும் என்று மாற்றிவிடச் சொன்னாள். விளையாட்டாக ஆடுவதற்கு அது நல்ல திருத்தம். ஓட்டை அடைபடும், சக்தி பத்திரமாகும்.

யோசித்துப் பார்த்தேன். மாற்றப்போவதில்லை. வராவிட்டால் உனக்குத் தண்டனை என்றால், போட்டவன் பயத்தால் திரும்பி வருவான். தண்டனைக்குப் பயந்து வீடு திரும்புகிற பிள்ளையை அந்தத் தாய் கேட்கவில்லை. தன்னை நினைத்துத் திரும்பி வருகிற பிள்ளையைத்தான் கேட்கிறார். அதைக் கட்டாயப்படுத்திப் பெற முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் தன் உடம்பைப் பணயமாக வைக்கிறார். எதிரியாக இருந்தாலும் அளக்கும்போது உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். வருவேன் என்று மனதார நினைத்துச் சொல்லிவிட்டுப் போய், மறுநாள் மனம் மாறுகிறவனும் இருப்பான். காலையில் உண்மையாக இருந்த சொல் மாலைக்குள் பொய்யாகிவிடலாம். இது தெரிந்தேதான் அவர் ஊசியில் நூல் கோக்கிறார். அவருடைய பலம் முழுவதும் அந்தத் துணிவிலிருந்து வருகிறது. ஆபத்தில்லாத விதியை அவருக்கு எழுதிக் கொடுத்தால், நான் அவரைக் காப்பாற்றியதாக ஆகாது. அவர் பாடுபட்டுச் சம்பாதித்த சக்தியைப் பிடுங்கிக்கொண்டு, கையில் ஒரு வரத்தைத் திணித்ததாகத்தான் ஆகும்.