போய்ச் சேர்ந்த கதை

தவறு செய்தவன் அதை மறைக்கத்தான் முயல்வான். நானோ என் தவறு ஒன்றை நம் ஆண்டு மலரில் அச்சேற்ற வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஆங்கில வகுப்பில், ஒவ்வொருவரும் எழுந்து தாம் கல்லூரிக்கு வரும் விதத்தைக் கூற வேண்டும் என்றார் பேராசிரியர். என் முறை வந்தது. "ஐ ரீச் டு காலேஜ் அட் நைன்" என்றேன். முன்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு என்னை அனுப்பி வைத்தவர்களையும் சேர்த்துச் சுட்டது. ஒரு மாதம் அவ்வகுப்பில் வாய் திறக்கவில்லை.

பேராசிரியர் ஒரு நாள் தனியே அழைத்தார். "தமிழில் 'கல்லூரிக்கு அடைந்தேன்' என்பாயா?" என்று கேட்டார்.

"'கல்லூரியை அடைந்தேன்' என்பேன், ஐயா."

"'ரீச்' என்பதும் அப்படித்தான். 'டு' வேண்டாம்" என்றார். இரண்டாம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களுள் அடைதலும் ஒன்றல்லவா! பள்ளியில் மனப்பாடம் செய்தது அன்றுதான் பயன்பட்டது.

பிறகு நானே தேடிப் படித்தேன். 'அரைவ்' என்றால் நகருக்கும் நாட்டுக்கும் 'இன்'; பேருந்து நிலையம், கல்லூரி போன்ற இடங்களுக்கு 'அட்'. 'கெட்' என்றால் 'டு' வேண்டும். வீட்டுக்கு மட்டும் எதுவும் வேண்டாம்: 'கெட் ஹோம்', 'அரைவ் ஹோம்', 'ரீச் ஹோம்'. சொந்த வீட்டுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு எதற்கு? 'அரைவ்' என்ற சொல், 'கரைக்கு' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்ததாம். நாமும் 'கரை சேர்ந்தான்' என்கிறோமே என்று வியந்தேன்.

சென்ற மாதம் கருத்தரங்கு ஒன்றுக்காகச் சென்னைக்குப் புறப்பட்டேன். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேம்மா" என்றேன். அம்மா பதறிவிட்டாள். "அப்படிச் சொல்லாதடா! செத்தவங்களைத்தான் போய்ச் சேர்ந்தாங்கன்னு சொல்றது. போய் இறங்கினதும் பண்றேன்னு சொல்லு."

என் அம்மா கைநாட்டு. அவளும் அன்று என் தொடரைத் திருத்தினாள், ஆனால் சிரிக்கவில்லை. பிள்ளை நல்லபடியாக ஊர் சேர வேண்டுமே என்ற கவலை அவளுக்கு.

நண்பர்களே, இவ்வாண்டு முதலாமாண்டு மாணவர் எவரேனும் 'ரீச் டு' என்றால் திருத்துங்கள், சிரித்துவிடாதீர்கள். எழுந்து பேசத் துணிந்தவன் பாதி வழி வந்துவிட்டான். மீதி வழிக்கு நாம் கைகொடுப்போம். அவனும் கரை சேரட்டும்!

— இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு