கூடும் என்னும் சொல்

ஆண்டுப் பிறப்பன்று பஞ்சாங்கத்தை விரித்து, இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று படித்துச் சொல்லும் ஜோதிடரைக் கண்டு நாம் பலமுறை நகைத்திருக்கிறோம். நமது வாசகர்களிலும் நகையாதார் சிலரே இருப்பர். மழை பெய்தால் புகழ் ஜோதிடருக்கு. பெய்யாவிட்டால், அவர் சொன்னதை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. இஃது அவருக்கு எவ்வகையிலும் நஷ்டமில்லாத வியாபாரம். ஆயினும், ஜோதிடரிடம் எதைக் கண்டு நகைத்தோமோ, அதையே விஞ்ஞானியிடம் சென்று யாசித்த குற்றம் ஒருமுறை நம்மைச் சேர்ந்தது. அதன் விலையை நாம் கொடுக்கவில்லை. 82 வயதான பெரியவர் ஒருவர் கொடுத்தார். அவ்வரலாற்றை மறையாது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்போது நாம் உத்தியோக நிமித்தம் லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஈஸ்ட் ஹாமில் குடியிருந்தோம். அடுத்த வீட்டுப் பெரியவர் ஈப்போவில் பிறந்தவர். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, இளவயதிலேயே சீமைக்குக் குடியேறியவர். மனைவியார் காலஞ்சென்ற பின் தனியே வசித்து வந்தார். மாலைதோறும் அவர் வீட்டில் ஒரு கோப்பை தேநீர் அருந்துவதும், அன்றைய தினசரியில் அவருக்கு விளங்காத பகுதிகளை விளக்கிச் சொல்வதும் நமது வழக்கம். நம்மைப் படித்தவன் என்று அவர் நம்பியிருந்தார். அந்நம்பிக்கையே பின்னர் வினையாயிற்று.

ஆங்கில நாட்டில் பிப்ரவரி மாதம் ஏமாற்றும் மாதமாகும். பகற்பொழுது நீளத் தொடங்கும். பூங்காக்களில் குரோக்கஸ் மலர்கள் தலை நீட்டும். மக்களும் கனத்த அங்கியைப் பெட்டியில் வைத்துவிடலாமா என்று எண்ணத் தொடங்குவர். ஆனால் அத்தீவைச் சூழ்ந்துள்ள கடல் மிகவும் குளிர்ந்திருப்பது குளிர்காலத்தின் தொடக்கத்தில் அன்று, அதன் இறுதியிலேயாம். மேற்கிலிருந்து வீசும் காற்று நின்று, ருஷ்யாவின் பனிவெளியிலிருந்து கிழக்குக் காற்று புறப்படுமானால், போயிற்று என்று நினைத்த குளிர் முன்னிலும் கடுமையாகத் திரும்பி வரும். 1947-ஆம் ஆண்டு ஜனவரி பிற்பகுதியில் தொடங்கி மார்ச் நடுவரையில் அந்நாட்டையே பனியில் புதைத்த குளிர் இத்தகையதே.

திரும்பி வரும் இக்குளிரை முன்னரே அறிந்துகொள்ள மனிதன் செய்த முயற்சிகள் பல. பிப்ரவரி 2-ஆம் நாள் வெயில் எறித்தால் இன்னும் குளிர் உண்டு என்பது ஐரோப்பியக் குடியானவர்களின் பழைய நம்பிக்கை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் பங்க்ஸடானி என்னும் ஊரார், 1887 முதல் அதே நாளில் ஒரு நில அணிலை வளையிலிருந்து எடுத்து, அது தன் நிழலைக் கண்டதா இல்லையா என்று பார்த்துக் குறி சொல்லி வருகின்றனர். சகுனம் பார்ப்பது நம்மவர்க்கு மட்டுமே உரிய சொத்தன்று என்பது இதனால் விளங்கும். ஸ்காட்லாந்து தேசத்து வானிலை ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டர் பக்கன் என்பவர், 1860-களில் பழைய பதிவுகளைப் பரிசோதித்து, ஆண்டுதோறும் பிப்ரவரி 7 முதல் 14 வரை குளிர் தலைகாட்டுவதாகக் கூறினார். அவர் மூடநம்பிக்கையாளர் அல்லர்; எண்களை நாடியவர். எனினும் பின்வந்தோர் நீண்ட காலப் பதிவுகளைக் கொண்டு சோதித்தபோது, அக்குறிப்பிட்ட நாட்களை நம்பியிருப்பதற்கில்லை என்று கண்டனர். காலண்டரின் தேதி காற்றுக்குத் தெரியாது.

இக்காலத்தவர் குறி பார்ப்பது நிலத்தில் அன்று, வானத்தின் மேல்மாடியில். வடதுருவத்திற்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலம் முழுவதும் ஒரு பெருங்காற்று மேற்கிலிருந்து கிழக்காகச் சுழன்றுகொண்டிருக்கிறது. சில ஆண்டுகளில் கீழிருந்து எழும் அலைகள் அச்சுழலைத் தாக்கிச் சிதைத்துவிடும். அப்போது அம்மேல்வெளியின் உஷ்ணநிலை சில தினங்களுக்குள் 50 டிகிரி வரையிலும் உயர்வதுண்டு. 1952-ஆம் ஆண்டு பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்பார், பலூன்களில் கருவிகளைக் கட்டி அனுப்பியபோது இதனைக் கண்டறிந்தார். மேலே இவ்வாறு வெப்பம் மிகுந்தால், ஓரிரு வாரங்களில் கீழே வடஐரோப்பாவிற்குக் குளிர் வரக்கூடும். கூடும் என்பதைக் கவனிக்க. மூன்று முறைகளில் ஏறத்தாழ இரண்டு முறை வருகிறது. மற்றொரு முறை வருவதில்லை.

நிற்க. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதியையொட்டி அத்தகைய சிதைவு நிகழ்ந்தது. மாத இறுதியில் கடுங்குளிர் வருவதற்கு வாய்ப்பு அதிகரித்திருப்பதாக வானிலை அறிஞர் அறிவித்தனர். அன்று மாலை பெரியவர் வானொலியில் கேட்ட செய்தியை வைத்துக்கொண்டு நம்மை வினவினார்.

"குளிர் வரும் என்கிறார்களா தம்பி, வராது என்கிறார்களா?"

"வரக்கூடும் என்கிறார்கள், ஐயா."

"கூடும் என்றால் என்ன அர்த்தம்?"

"தமக்கே தெரியாது என்று அர்த்தம்" என்றோம் நாம். சொல்லிவிட்டு நகைக்கவும் செய்தோம், பெரியவரும் நகைத்தார்.

அவர் வினவியதற்குக் காரணம் இருந்தது. அவர் வீட்டு வெந்நீர்க் கொதிகலனிலிருந்து நீர் வடியும் மெல்லிய குழாய் ஒன்று சுவருக்கு வெளியே ஓடியது. அதனைத் துணியுறை கொண்டு பொதிய வேண்டுமென்றும், உதவிக்கு ஒரு சிறு மின்சாரக் கணப்பு வாங்கி வைக்க வேண்டுமென்றும் எண்ணியிருந்தார். மொத்தச் செலவு 60 பவுனுக்கு மேற்படாது. ஓய்வூதியத்தில் வாழ்பவர்க்கு அதுவும் பெருந்தொகையே. நமது பதிலைக் கேட்டு, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

பிப்ரவரி 26 முதல் கிழக்குக் காற்று வீசிற்று. 28-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் மத்திய பகுதிக்குப் பனிப்பொழிவின் பொருட்டுச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மார்ச் 1, வானிலையாளர் கணக்கில் வசந்தத்தின் முதல் நாள். அன்று வேல்ஸ் நாட்டின் டிரெடிகர் என்னும் ஊரில், நண்பகலிலும் உஷ்ணநிலை உறைநிலைக்கு 4.7 டிகிரி கீழேயே நின்றது. நாமோ அவ்விரண்டு நாட்களும் அலுவலகத்திலிருந்து வீடு திரும்புவதே பெரும்பாடாயிருந்தமையால், பெரியவர் வீட்டுப்பக்கம் செல்லவில்லை. மார்ச் 2-ஆம் தேதி காலையில் கதவைத் தட்டினோம். நெடுநேரம் கழித்தே திறந்தார். இரண்டு அங்கிகளையும் மனைவியாரின் பழைய சால்வையையும் போர்த்தியிருந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. வெளிக்குழாயில் நீர் உறைந்து, கொதிகலன் முந்தைய நாள் இரவே நின்றுவிட்டதாம். பழுது பார்ப்போரைத் தொலைபேசியில் அழைத்தாராம்; அவர்கள் மூன்று நாட்கள் பொறுக்கச் சொன்னார்களாம். "உம்மை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று இருந்துவிட்டேன், தம்பி" என்றார்.

கெண்டியில் வெந்நீர் காய்ச்சி அக்குழாயின் மேல் ஊற்றினோம். கால்மணி நேரத்தில் பனிக்கட்டி இளகிற்று. கொதிகலன் மீண்டும் மூண்டது. இவ்வளவே காரியம்! ஆனால் அவர் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நுரையீரல் அழற்சி கண்டு, பதினொரு தினங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்தார். ஆயினும் அதன்பின் கைத்தடியின்றி அவர் நடந்ததில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கையின் அருகே அமர்ந்திருந்த மாலைகளில் நமது சிந்தனையெல்லாம் அந்த ஒரு சொல்லையே சுற்றிற்று. "தமக்கே தெரியாது" என்று நாம் கூறியது உண்மையா? அன்று. அறிஞர்க்குத் தெரிந்திருந்தது, எவ்வளவு தெரியும் என்பதும் தெரிந்திருந்தது. அவ்வளவை மட்டும் சொன்னார்கள். முழுவதும் சொல்லவில்லையே என்று நாம் அனைத்தையும் தள்ளிவிட்டோம்.

முழுவதும் சொல்ல அவர்களால் ஏன் இயலவில்லை? 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லோரன்ஸ் என்னும் அறிஞர், காற்றின் போக்கைக் கணக்கிடும் யந்திரத்தில் பழைய கணக்கொன்றை மீண்டும் ஓட்டினார். முன்னர் 0.506127 என்றிருந்த எண்ணைச் சுருக்கி 0.506 என்று இட்டார். சிறிது நேரம் சென்று திரும்பிவந்து பார்த்தபோது, புதிய கணக்கின் வானிலை பழையதினின்றும் முற்றிலும் வேறாகியிருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய பிழை, நாளடைவில் பெருகி அனைத்தையும் விழுங்கிவிட்டது. காற்றை ஒவ்வொரு முழத்திலும் அளப்பார் உலகில் இல்லை. ஆதலின் ஏறத்தாழ இரு வாரங்களுக்கு அப்பால், இன்ன நாளில் இன்ன ஊரில் இன்னது நிகழும் என்று அறுதியிட்டுக் கூறுதல் இயலாது. இவ்வளவில் அவர்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. ஐரோப்பிய நாடுகளின் கூட்டு நிலையத்தில் ஒரே கணக்கைச் சிறு சிறு மாற்றங்களுடன் 51 முறை செய்து பார்க்கின்றனர். அவற்றுள் 40 கணக்குகள் குளிர் என்றால் வாய்ப்பு அதிகம். பத்து மட்டும் சொன்னால் குறைவு. கூடும் என்னும் சொல்லுக்குப் பின்னே இத்தனை உழைப்பு இருக்கிறது. நாம் அதனை ஒரு நகைப்பில் கழித்தோம்.

நம்மைப்போல் நகைத்தோர் முன்னரும் உண்டு. சார்லஸ் டார்வினை உலகஞ்சுற்றி அழைத்துச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் பிட்ஸ்ராய், 1854-இல் ஆங்கில அரசின் வானிலை இலாகாவை நடத்தத் தொடங்கினார். 1859-இல் ராயல் சார்ட்டர் என்னும் கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டபின், துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப ஏற்பாடு செய்தார். 1861 ஆகஸ்டு முதல் நாள், டைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான முன்னறிவிப்பை வெளியிட்டார். தாம் கூறுவது தீர்க்கதரிசனம் அன்று, ஆய்ந்து எய்திய ஓர் அபிப்பிராயமே என்று அவரே தெளிவாக எழுதி வைத்தார். பத்திரிகைகளோ, தவறியவற்றை எடுத்துக்காட்டி எள்ளின. 1865-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு முன்னறிவிப்புகளோடு புயல் எச்சரிக்கைகளும் நிறுத்தப்பட்டன. அப்போது எச்சரிக்கை வேண்டும் என்று குரல் எழுப்பியவர் யார்? கடற்கரை மக்கள். எச்சரிக்கை சிற்சில முறை தவறியதை அவர்களும் அறிவர். ஆனால் கடலில் இறங்க வேண்டியவர்கள் அவர்களே. 1867-இல் புயல் எச்சரிக்கை மீண்டும் தொடங்கிற்று. கரையில் அமர்ந்திருப்பவனுக்கு நகைப்பு எளிது.

2019-ஆம் ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் மேல்வெளிச் சுழல் மீண்டும் சிதைந்தது. முன்போலவே, குளிர் வரக்கூடும் என்றனர். பெரியவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "இவ்வருஷம் கூடும் என்றால் என்ன அர்த்தம், தம்பி?" என்று கேட்டார். அக்கேள்வியில் குத்தல் இருந்ததா என்று இன்றும் நமக்குத் தெரியாது. "மூன்றில் இரண்டு பங்கு வரும், ஒரு பங்கு வராது என்று அர்த்தம், ஐயா. வந்தால் உமது உடம்பு தாங்காது. வராவிட்டால் 60 பவுன் போகும். அவ்வளவுதான்" என்றோம். அடுத்த ஞாயிறன்று நாமே குழாய்க்கு உறை பொதிந்தோம்; கணப்பும் வாங்கினோம்.

வந்ததோ வேறு. ஜனவரி இறுதியில் சிறிது பனி விழுந்தது; அதனோடு சரி. பிப்ரவரி 26-ஆம் தேதி, லண்டனின் கியூ தோட்டத்தில் உஷ்ணநிலை 21.2 டிகிரிக்கு உயர்ந்தது. பிரிட்டனில் குளிர்கால மாதங்களில் அதற்குமுன் அத்தகைய வெப்பம் பதிவானதே இல்லை. சென்ற ஆண்டு அதே தேதியில் கிழக்குக் காற்று வந்து சேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரியவர் பின்கட்டில் நாற்காலியைப் போட்டு, சட்டையோடு வெயிலில் அமர்ந்திருந்தார். உறை பொதிந்த குழாய் அவர் தலைக்கு மேலே இருந்தது. நாம் சற்று நாணியே நின்றோம்.

"உமது காசை வீணாக்கிவிட்டேன், ஐயா" என்றோம்.

அவர் கைத்தடியால் அக்குழாயை மெல்லத் தட்டினார். "ஈப்போவில் நாங்கள் குடையோடுதான் வெளியே போவோம். பெய்யாத நாளில் எவனும் குடையை வைதது கிடையாது" என்றார்.

தாயகம் திரும்பிய பின்பும் அச்சொற்கள் நமக்குத் துணையாயிருக்கின்றன. சைபீரியாவில் திரண்ட குளிர்காற்றே தென்சீனக் கடலைக் கடந்து, வழியில் ஈரம் உண்டு, கிளந்தானிலும் திரங்கானுவிலும் பகாங்கிலும் பெருமழையாகப் பொழிகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தை நம்மவர் மறந்திருக்க முடியாது. இங்கும் வானிலை நிலையத்தார் கூடும் என்றே சொல்கின்றனர். உறுதியாகச் சொல்பவரை நாடி ஓடும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. பஞ்சாங்கத்தைத் தூர எறிந்தவரிடத்தும் அப்பழக்கம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு நாமே சான்று. அன்பர்களே, கூடும் என்று ஒருவர் கூறக் கேட்டால், எத்தனைக்கு எத்தனை என்று கேளுங்கள். வந்துவிட்டால் தாங்கமாட்டாதவர் அடுத்த வீட்டில் யார் என்றும் எண்ணிப் பாருங்கள். பின்னர் நகைப்பதற்கு வேண்டிய அவகாசம் உண்டு.