ஒரு மணி நேரப் பயணமும் சபர் தொழுகையும்

உலகம் சுருங்கிவிட்டது என்கிறோம். உண்மையில் சுருங்கியது காலமேயன்றித் தூரமன்று. இவ்வேறுபாட்டை மறந்தால் பயணத் தொழுகையில் குழப்பம் நேரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்று, அலுவல் முடித்துத் திரும்ப அரைநாள் கழிந்துவிடும். ஆயினும் அது மார்க்கம் கூறும் சபர் ஆகாது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்குச் சுமார் 300 கி.மீ.; விமானம் ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. இது சபரே.

நம் முன்னோர் இவ்வூர்களுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சென்றனர். பினாங்கைக் காணவே ஐந்தாறு நாட்களாகும். அதனாலன்றோ அவர்களைச் ‘சபுராளி’ என்றழைத்தோம்! ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீவிபத்துக்குள்ளானதோடு அக்கடல்வழி ஓய்ந்தது. இன்று அங்கு வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் சிங்கப்பூரில் மகனையும் கோலாலம்பூரில் மகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

சிங்கப்பூர்–கோலாலம்பூர் வான்வழி, உலகிலேயே மிக நெருக்கடியான பன்னாட்டு வழிகளுள் ஒன்று. வானில் பறப்பது முக்கால் மணி நேரமே. மேலேறிய விமானம் சற்றே நிமிர்வதற்குள் செப்பாங்கின் செம்பனைத் தோட்டங்கள் கீழே தென்படும். 1998இல் திறக்கப்பட்ட அந்நிலையத்திலிருந்து நகருக்குள் செல்ல இன்னும் 50 கி.மீ. உண்டு. முன்கூட்டியே செல்லுதல், குடிநுழைவுச் சோதனை, பெட்டிக்குக் காத்திருத்தல் யாவும் சேர்ந்தால், சாலைவழிப் பேருந்துப் பயணத்துக்கு ஒப்பாக ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

“ஒரு மணி நேரந்தானே, களைப்பில்லையே, தொழுகையைச் சுருக்கலாமா?” என்று பலர் வினவுகின்றனர். சலுகைக்கு அளவுகோல் களைப்பன்று, தூரமே. ஹனஃபி உலமாக்கள் 48 மைல், அதாவது ஏறத்தாழ 78 கி.மீ. என்பர். ஷாஃபி மத்ஹபில் இரண்டு மர்ஹலா. அதைக் கிலோமீட்டரில் 81 என்போரும் உளர், 132 என்போரும் உளர். 300 கி.மீ. இவை யாவற்றையும் கடந்தது. எனவே ஊரெல்லையைத் தாண்டியபின் ளுஹர், அஸர், இஷா ஆகியவற்றின் நான்கு ரக்அத் இரண்டாகும். ஃபஜ்ரும் மஃரிபும் மாறா. சென்ற ஊரில் ஹனஃபி மத்ஹபினர் 15 நாட்களும், ஷாஃபி மத்ஹபினர் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களும் தங்க நாடினால் முழுமையாகவே தொழ வேண்டும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். இரு நாடுகளும் 1982 முதல் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்திய ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. அங்கே ளுஹர் நுழைவதே பகல் ஒரு மணியளவில்தான். மஃரிபின் நேரமோ குறுகியது. அவ்வேளையில் புறப்படும் ஹனஃபி பயணி, வேளை நுழைந்ததும் நிலையத்திலேயே தொழுதுவிடுவது நன்று. ஷாஃபி மத்ஹபினர் இஷாவோடு சேர்த்துத் தொழலாம். இரு நிலையங்களிலும் தொழுமிடம் உண்டு.

அந்நிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனம் அருளிய சலுகை இது. பயணம் எளிதாகிவிட்டதென்று அதை மறுக்கவும் வேண்டா. பயணத்தைக் காரணங்காட்டித் தொழுகையையே கைவிடவும் வேண்டா.